எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதாதா, கார்-டிக்கு எதற்கு 40 லட்சம்?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 3

மாமாவுக்கு லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. கார்-டி என்ற சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள், 40 லட்சம் ஆகுமாம். நம் ரத்தத்தை எடுத்து நமக்கே திருப்பி ஏற்றுவதுதானே அது? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் அதற்குச் சாப்பாடு இருக்கிறது, மூலிகை இருக்கிறது. இது ஏமாற்று வேலையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு போனால் அதற்கப்புறம் எடுக்கிற முடிவெல்லாம் கோணலாகிவிடும். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உங்கள் மாமாவுக்கு இருப்பது பி செல் லிம்போமாவாகத்தான் இருக்க வேண்டும், கார்-டி என்று சொல்லியிருப்பதால். பி செல் என்பது கிருமிகளுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணு. அதில் ஒன்று கெட்டுப்போய் அடங்காமல் பெருகியதுதான் அவருடைய நோய். அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் செல்லே இங்கே நோயாகிவிட்டது. எதைக் கூட்டுவது?

அவர் உடம்பில் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் இன்றைக்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கிருமி புகுந்த செல்லைத் தேடிப்போய்க் கொல்வது அவற்றின் வேலை. கொல்லும் பலம் குறையவில்லை. பக்கத்திலேயே இருக்கும் புற்றுநோய்ச் செல் அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். கார்-டியில் அந்த டி செல்களை வெளியே எடுத்து, அவற்றுக்குள் ஒரு புது ஜீனைச் சேர்க்கிறார்கள். அந்த ஜீன் சொல்கிறபடி டி செல்லின் மேல் ஒரு புது ஏற்பி முளைக்கிறது. பி செல்களின் மேல் சிடி19 என்றொரு புரதம் இருக்கும், இந்த ஏற்பி அதைத்தான் பிடிக்கும். மோப்ப நாய்க்குத் திருடன் விட்டுப்போன துணியைக் காட்டுவது மாதிரி. நாய் ஏற்கெனவே பலசாலிதான்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு ரத்த வங்கியில், ரத்தத்திலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவன். என் அக்கா வீட்டுக்காரர் கார்-டி எடுத்துக்கொண்டபோது மும்பையில் கூடவே இருந்தேன். இந்த இரண்டு இடத்திலிருந்து தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 4, காலை

"ரத்தத்தை எடுத்துத் திருப்பி ஏற்றுவதுதானே" என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கிற பகுதி என் கை பழகின வேலை, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு கையில் ஊசி, அல்லது கழுத்தில் லைன். ரத்தம் மெஷினுக்குள் போகும், உள்ளே சுழலும், எடைக்குத் தகுந்தபடி அடுக்கடுக்காகப் பிரியும். சிவப்பணு கீழே, பிளாஸ்மா மேலே, நடுவில் மெல்லிசாக ஒரு வெளிர் அடுக்கு. டி செல்கள் அந்த அடுக்கில் இருக்கின்றன. அதை மட்டும் உறிஞ்சி ஒரு பைக்கு அனுப்பிவிட்டு, மீதியை இன்னொரு குழாய் வழியாக உடம்புக்கே திருப்புவோம். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். உடம்பு ரத்தம் முழுக்க ஒரு முறைக்கு மேல் மெஷின் வழியாகச் சுற்றி வரும்.

ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க சிட்ரேட் கலக்கிறோம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நோயாளிக்கு முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் விரல் நுனி குறுகுறுக்கும். "உதட்டில் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?" என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆமாம் என்றால் கால்சியம் கொடுத்து, மெஷினின் வேகத்தைக் குறைப்போம். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

கடைசியில் கையில் இருப்பது ஒரு சின்னப் பை. தக்காளி ரசம் நிறத்தில் கலங்கலாக இருக்கும். அதன் லேபிளை இரண்டு பேர் தனித்தனியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம், ஏனென்றால் அந்தப் பை வேறு ஒருவருக்கும் ஆகாது.

ஆகஸ்ட் 4, இரவு

விலை பற்றி. அந்தக் கடைசி வரியில்தான் பாதி பதில் இருக்கிறது.

மாத்திரை என்றால் ஒரு பேட்சில் லட்சக்கணக்கில் போடலாம், ஒரே சோதனை எல்லாவற்றுக்கும் சேரும். கார்-டியில் ஒரு நோயாளி என்றால் ஒரு பேட்ச். ஒருவருக்காக ஒரு சுத்த அறையை ஒதுக்க வேண்டும், டி செல்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும், வைரஸ் வழியாக ஜீனைச் சேர்க்க வேண்டும், பெருக்க வேண்டும். கிருமி புகுந்திருக்கிறதா, ஒரு செல்லுக்குள் எத்தனை பிரதி ஜீன் போயிருக்கிறது, உயிரோடு எத்தனை செல் இருக்கிறது என்று எல்லாச் சோதனையும் அந்த ஒரு பைக்காகவே நடக்கும். அடுத்த ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து. ஜீனைக் கொண்டுபோகும் வைரஸ் பெரும்பாலும் எச்.ஐ.வி. குடும்பத்திலிருந்து எடுத்தது. நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி, திரும்பப் பெருக முடியாதபடி செய்துதான் பயன்படுத்துகிறார்கள். அதால் எச்.ஐ.வி. வராது. ஆனால் அந்தத் தரத்தில் வைரஸ் தயாரிப்பது கொள்ளைச் செலவு.

ஆகஸ்ட் 5

அமெரிக்க விலையை ஒருவர் கேட்டிருக்கிறார். 2017 ஆகஸ்டில் அங்கே முதலில் அனுமதி பெற்ற கிம்ரியாவுக்கு வைத்த விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் 3 கோடி ரூபாய். மருந்துக்கு மட்டும், ஆஸ்பத்திரி செலவு தனி.

இங்கே ஐ.ஐ.டி. பாம்பேயும் மும்பையின் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கியது நெக்ஸ்கார்19. ஐ.ஐ.டி.யில் ராகுல் பூர்வாரின் ஆய்வகத்தில் பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனம் தயாரிக்கிறது. 2021 ஜூனில் நவி மும்பை கார்கரில் இருக்கும் டாடாவின் மையத்தில் முதல் நோயாளிக்கு ஏற்றினார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதி திரௌபதி முர்மு ஐ.ஐ.டி.க்கே வந்து தொடங்கிவைத்தார். விலை 30 முதல் 50 லட்சத்துக்குள். லான்செட் ஹெமட்டாலஜி என்ற மருத்துவ இதழில் 2025இல் வந்த அவர்களுடைய முடிவில், மதிப்பிட முடிந்த நோயாளிகளில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு வந்தவர்கள் இவர்கள். அந்த இடத்திலிருந்து 73 என்பது சாதாரண விஷயமில்லை. அதே நேரம், பலன் தெரிந்த எல்லோருக்கும் அது நிலைக்கும் என்றும் அர்த்தம் இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் வேறு வழி. செல்களை வெளியூர் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தயாரித்துப் பரிசோதித்தார்கள். சுமார் 9 நாளில் தயாராகிவிடுகிறது, உறைய வைக்காமலே ஏற்றலாம். 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை ஆரம்பித்து இத்தனை காலம் நடத்திவரும் இடம். செலவு நிஜமாக இறங்கப்போவது இந்த வழியில்தான் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 7

பழைய கதை கொஞ்சம். உடம்பின் எதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுநோய் மீது திருப்பலாம் என்ற யோசனை இன்று நேற்று வந்ததில்லை.

1890களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற எலும்பு அறுவை மருத்துவர், எலிசபெத் டாஷியல் என்ற இளம்பெண் சார்கோமா என்ற புற்றுநோயில் இறந்ததைத் தாங்க முடியாமல் பழைய கேஸ் ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்குத் தோலில் கடுமையான கிருமித்தொற்று வந்து, அது ஆறியபோது கட்டியும் கரைந்திருந்தது என்று ஒரு குறிப்பு கிடைத்தது. குடியிருப்புகளில் அலைந்து அந்த ஆளைக் கண்டுபிடித்தார். உயிரோடு, நலமாக இருந்தார். அதன் பிறகு கோலி வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை, கதிர்வீச்சு சிகிச்சை வந்ததும் அவரை மறந்துவிட்டார்கள்.

முழுக்க மறக்கவும் இல்லை. நமக்கெல்லாம் பிறந்ததும் தோளில் குத்தும் பி.சி.ஜி. இருக்கிறதே, 1948இலிருந்து சென்னை கிண்டியில் தயாரித்தார்களே, அதையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி அங்கே மேலோட்டமாக இருக்கும் புற்றுநோயைக் கட்டுப்படுத்துகிறார்கள். 1976இல் அல்வாரோ மொராலஸ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி இன்றுவரை அது நடைமுறையில் இருக்கிறது. கோலியின் யோசனைக்குத் தம்பி மாதிரிதான் அது.

கேள்வி கேட்டவர் கவனிக்க: "கூட்டுவது" என்பதற்கு உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் இதுதான். அதுவும் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நிலையில் மட்டும் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 7, கொஞ்ச நேரம் கழித்து

அடையாளம் காட்டினால் போதும் என்கிற மாதிரி முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் 20 வருடக் காத்திருப்பு புரியாது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் ஸெலிக் எஷ்ஹார் 1989இலேயே ஆன்டிபாடியின் அடையாளம் பிடிக்கும் தலையை டி செல் ஏற்பியின் வாலோடு ஒட்டிக் காட்டிவிட்டார். அடையாளம் கண்டது, கொன்றது, ஆனால் சீக்கிரமே சோர்ந்து மறைந்தது. டி செல் பெருகி நீடிக்க இரண்டாவது ஒரு தூண்டுதல் வேண்டும். மிஷெல் சடெலெயின் குழு சிடி28 என்ற பகுதியையும், டாரியோ கம்பானா குழு 4-1பிபி என்ற பகுதியையும் சேர்த்த பிறகுதான் அவை உடம்புக்குள் போய்ப் பெருகத் தொடங்கின. 2010இல் பென்சில்வேனியாவில் கார்ல் ஜூன் குழு சிகிச்சை கொடுத்த இரண்டு பேரின் ரத்தத்தில் பத்து வருடம் கழித்தும் அந்தச் செல்கள் இருந்ததை 2022இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு தடவை ஏற்றின மருந்து பத்து வருடம் உள்ளேயே இருக்கிறது! இதைப் படித்த அன்று வேலை ஓடவில்லை எனக்கு.

ஆகஸ்ட் 9

"பக்க விளைவு இல்லாத இயற்கை சிகிச்சை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை. இதை நம்பி யாரும் உள்ளே போகக்கூடாது.

ஏற்றின டி செல்கள் எதிரியைக் கண்டதும் பெருகும், பெருகும்போது சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்களை, கொட்டும். காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு வாங்கும். எமிலி வைட்ஹெட் என்ற அமெரிக்கச் சிறுமி, 6 வயது, லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் இரண்டு முறை திரும்பியவள், 2012 ஏப்ரலில் இந்தச் செல்களைப் பெற்ற முதல் குழந்தை. சில நாளில் வென்டிலேட்டரில் கிடந்தாள். பரிசோதனையில் ஐ.எல்-6 என்ற சைட்டோகைன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், ஐ.எல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். சில மணி நேரத்திலேயே காய்ச்சல் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளன்று கண் விழித்தாள். இன்றைக்கு வளர்ந்த பெண், நோய் திரும்பவில்லை. அந்த மருந்து அன்று நினைவுக்கு வராமல் போயிருந்தால் இந்த சிகிச்சையே அங்கே நின்றிருக்கும்.

இப்போது எங்கே கார்-டி செய்தாலும் டோசிலிசுமாப் கையிருப்பில் இருந்தாக வேண்டும். உங்கள் மாமாவை எங்கே சேர்த்தாலும் அதைக் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஆகஸ்ட் 10

அக்கா வீட்டுக்காரர் விஷயத்தை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் மூன்று நாள் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு. உள்ளே இருக்கும் வெள்ளணுக்களைக் குறைத்து, வரப்போகிற செல்களுக்கு இடம் பண்ணுவதற்காக. ஏற்றும் நாளில் ஒன்றுமே இல்லை, பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உறைந்த பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கினார்கள், ஒரு சின்னப் பை, சில நிமிடத்தில் முடிந்தது. உறைய வைக்கச் சேர்க்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் மூச்சு வழியாக வெளியே வரும். அறை முழுக்கப் பூண்டு வாசம். "யார் வீட்ல பூண்டு குழம்பு?" என்று மாமா கேட்டார், எல்லோரும் சிரித்தோம்.

காய்ச்சல் வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தோம், வந்தது. என்னை உலுக்கியது வேறு. மூளையைப் பாதிக்கிறதா என்று பார்க்க, நோயாளியிடம் தினமும் சில கேள்வி கேட்பார்கள். எந்த ஊர், என்ன மாதம், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள், இந்தப் பொருள் என்ன. அப்புறம் ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், தினமும் அதே வாக்கியம். மாமா தமிழில் எழுதினார்: "எனக்கு இன்று நன்றாகப் பசிக்கிறது." நர்ஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முதல் நாள் தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு நாள் காலை மாமா எழுதியபோது வரி சரிந்தது. 'ன்'னின் புள்ளி எங்கேயோ போய் விழுந்தது, 'பசி'யோடு நின்றுவிட்டார். பேச்சில் எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நர்ஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்று மதியத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் எழுத்து நேரானது.

துணைக்கு இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தமிழில் எழுதட்டும், தாளை நீங்களும் பாருங்கள். கையெழுத்தை நம்மைவிட யார் அறிவார்கள்?

ஒரு வருட பெட் ஸ்கேனில் நோய் இல்லை. நல்ல பி செல்களிலும் சிடி19 இருப்பதால் அவையும் சேர்ந்து போய்விட்டன. அதனால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் ஆன்டிபாடி ஏற்றிக்கொள்கிறார், சளி பிடித்தாலே டாக்டரிடம் ஓடுகிறோம். எதிர்ப்புச் சக்தி கூடியதா என்று கேட்டால், கிருமி விஷயத்தில் குறைந்துதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12

"நிவோலுமாப் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டத்தானே செய்கிறது?" என்ற கேள்விக்கு: அது டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் புற்றுநோய் மருந்து. ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் வாங்கிய விஷயம் அது. பிரேக் இல்லாத டி செல் குடலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம், அதனால்தான் அதிலும் கண்காணிப்பு வேண்டும்.

நம் ஊருக்கு நெருக்கமான செய்தி இதில் ஒன்று. புகையிலையால் வாய், தொண்டைப் புற்றுநோய் இங்கே எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. டாடா மெமோரியலில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். 2022இல் வெளிவந்தது. பணக்கார நாட்டு அளவு எங்களுக்குக் கட்டாது என்று கைகட்டி நிற்காமல், எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் வேலை செய்யும் என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

ஆகஸ்ட் 13

மார்பகம், வயிறு, நுரையீரலுக்குக் கார்-டி உண்டா? இப்போதைக்கு அனுமதி பெற்றவை ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான்: பி செல் லுக்கீமியா, லிம்போமா, மல்டிபிள் மைலோமா. கட்டிகளில், புற்றுநோய்ச் செல்லில் மட்டும் இருந்து நல்ல செல்லில் இல்லாத அடையாளம் கிடைப்பது கஷ்டம். பி செல் இல்லாமல் வாழலாம், நுரையீரல் இல்லாமல் முடியாதே. "செல் தெரபி" என்று போர்டு போட்டு எல்லாப் புற்றுநோய்க்கும் லட்சங்கள் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அனுமதி எண்ணைக் கேளுங்கள், சோதனை என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனைக்கு நோயாளியிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூலிகைக்கும் ஒரு வார்த்தை. டாக்டருக்குத் தெரியாமல் கஷாயம் குடித்து, கல்லீரல் ரிப்போர்ட் ஏறி, எதனால் என்று தெரியாமல் கீமோவைத் தள்ளிப்போட்ட கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். குடிப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

ஆகஸ்ட் 16

இத்தனை நாளாகச் சுற்றி வந்ததே இதைச் சொல்லத்தான்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பையன் வந்தான், கல்லூரி மாணவன், லுக்கீமியா. வீட்டை அடமானம் வைத்துப் பணம் ஏற்பாடு செய்துகொண்டு அப்பா அழைத்து வந்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கை, அதாவது டி செல்லும் சேர்ந்த வெள்ளணு வகையின் எண்ணிக்கை, அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு முன் பார்த்த இடத்தில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கீமோ கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியாக ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்க டி செல்லே இல்லை. எடுத்தாலும் அந்தச் செல்கள் பெருகாது. மெஷினைத் தயார் செய்துவிட்டு, திரும்ப அணைத்தேன். "பணம் இருக்குங்க" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பார்க்கலாம் என்று கார்-டியை வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் ஆட்களைக் கொல்கிறது. மருந்தின் மூலப்பொருளே நோயாளியின் டி செல். ஒவ்வொரு சுற்று கீமோவிலும் அது தேய்கிறது. பெண்டாமஸ்டின் போன்ற சில மருந்துகள் ரொம்பவே தேய்க்கும். நோய் திரும்பியது என்று தெரிந்த அன்றே, அடுத்த மருந்து ஏறுவதற்கு முன்பே, "டி செல் எடுத்து வைக்கலாமா?" என்று கேட்க வேண்டும். இன்று பணம் இல்லாவிட்டாலும் கேளுங்கள். இங்கே வசதி இல்லை என்றால் இருக்கும் இடத்துக்குக் கடிதம் கேளுங்கள்.

ஆகஸ்ட் 17

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, புதிதாக லிம்போமா வந்த ஒருவர் கீமோவை விட்டுவிட்டு கார்-டிக்குப் போகவா என்று கேட்கிறார். வேண்டாம்! 'பெரிய பி செல் லிம்போமா' என்ற வகையில் முதல் சிகிச்சையான ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டிலேயே பத்தில் ஆறு பேர்போல குணமாகிவிடுகிறார்கள். அதில் இருக்கும் ரிட்டுக்ஸிமாப் என்பதே பி செல்லை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிதான். முதல் சிகிச்சையை முழுசாக முடியுங்கள். நான் சொன்னது நோய் திரும்பியவர்களுக்கும், மருந்துக்கு அடங்காதவர்களுக்கும்.

ஆகஸ்ட் 19

கேள்வி கேட்டவர் நாளை மறுநாள் மாமாவை அழைத்துப் போகிறாராம். நல்லது. கையில் வேண்டியவை: நோய் திரும்பிய பிறகு எடுத்த பயாப்ஸி, பழையது போதாது. அதில் சிடி19 இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும், சிலருக்கு நோய் அதை உதிர்த்துவிட்டுத் திரும்பும். இதுவரை ஏறிய ஒவ்வொரு மருந்தின் பெயரும் கடைசி தேதியும். இப்போது சாப்பிடும் ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம். வெள்ளணு வகைகளை வேறுபடுத்தி எண்ணிய சிபிசி ரத்தப் பரிசோதனை, லிம்போசைட் எண்ணிக்கை தெரிய வேண்டும். இதயத்துக்கு எக்கோ. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட். பெட் ஸ்கேன், படங்கள் பதிந்த டிஸ்க்கோடு.

முதலமைச்சர் காப்பீடு பொதுவாக ஆண்டுக்கு 5 லட்சம் வரைதான், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தனியார் பாலிசி இருந்தால் இந்த சிகிச்சைக்கு உள்வரம்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சொல்லும் 40 லட்சத்தில் ஐ.சி.யு., டோசிலிசுமாப், ஒரு மாதம் பக்கத்திலேயே தங்கும் வாடகை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்த வேண்டாம். செல் எடுக்கும் தேதியைக் குறித்த பிறகு டாக்டரே சொல்வார். லிம்போசைட் எண்ணிக்கை வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.